ஜெர்சி நிறமும் கண்ணின் கணக்கும்

1996 ஏப்ரல் 13 அன்று சவுத்தாம்ப்டனின் டெல் மைதானத்தில், இங்கிலாந்தின் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட் முதல் பாதியிலேயே 0-3 எனப் பின்தங்கியது. இடைவேளைக்குப் பிறகு வீரர்கள் சாம்பல் நிற ஜெர்சியைக் கழற்றிவிட்டு, நீலமும் வெள்ளையும் கலந்த வேறொன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சக வீரர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் காரணம் சொன்னார். ஆட்டம் 1-3 என முடிந்தது. தோல்விக்குச் சாக்கு என்று பலர் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். தோல்விக்கு முழுக் காரணமும் ஜெர்சிதான் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கண் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பந்தைக் காலில் வைத்திருக்கும் வீரர் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. கூட்டாளியை ஓரக்கண்ணால்தான் பிடிக்கிறார். நிறங்களைப் பிரித்தறியும் கூம்பு செல்கள் விழித்திரையின் நடுவில்தான் நெருக்கமாக இருக்கின்றன, ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்துவிடும். அதனால் ஓரப்பார்வை பெரிதும் நம்பியிருப்பது அசைவையும் வெளிச்ச வேறுபாட்டையும்தான். தூரத்தில் பல நிறச் சட்டைகளோடு உட்கார்ந்திருக்கும் கூட்டம் மங்கிய நடுத்தரச் சாயலாகக் கலந்துவிடுகிறது. அதன் முன்னால் சாம்பல் சட்டை ஓடினால் எடுப்பாகத் தெரியுமா?

மாற்றுச் சீருடை என்ற ஏற்பாடே குழப்பத்தைத் தவிர்க்க வந்ததுதான். இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் 1890இல், இரண்டு அணிகள் ஒரே மாதிரி நிறங்களைப் பதிவு செய்யக் கூடாது என்றது. அணிகள் பெருகியதும் அது சரிப்பட்டு வரவில்லை. எல்லோரும் வேறு நிறத்தில் இன்னொரு செட் சட்டை வைத்திருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். முதலில் சொந்த ஊர் அணிதான் சட்டையை மாற்ற வேண்டியிருந்தது. 1921இல்தான் அந்தப் பொறுப்பு வெளியூரிலிருந்து வரும் அணிக்குப் போனது.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. கருப்பு வெள்ளைத் திரையில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரியும். ஆகவே ஒரு அணி வெளிர் நிறத்திலும் இன்னொன்று அடர் நிறத்திலும் ஆட வேண்டும் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா எதிர்பார்த்தது. 1978 உலகக் கோப்பையில், அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் இந்த ஏற்பாடு தலைகீழாகிப்போனது. பிரான்ஸ், ஹங்கேரி இரண்டுமே வெள்ளை ஜெர்சியோடு வந்து நின்றன. கடைசியில் கிம்பர்லி என்ற உள்ளூர் கிளப்பிடம் பச்சை வெள்ளைக் கோடு போட்ட சட்டைகளை இரவல் வாங்கி பிரான்ஸ் ஆடியது, 3-1 என வென்றும் விட்டது!

கலர் டிவி பரவியதும் வெளிர், அடர் என்ற கவனம் தளர்ந்தது. எனக்கு வருத்தம் தருவது இதுதான். ஏனென்றால் அந்தப் பழைய வழக்கம், யாரும் திட்டமிடாமலேயே, நிறக்குருடு உள்ளவர்களுக்கும் உதவிக்கொண்டிருந்தது. சிவப்பையும் பச்சையையும் உணரும் கூம்பு செல்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்களுக்கு அது ஒன்றே ஒன்று. அதில் கோளாறு இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அதனால்தான் ஐரோப்பாவில் ஏறக்குறைய 12 ஆண்களில் ஒருவருக்கு இந்தக் குறை இருக்கிறது, பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான்.

அவர்களுக்கு, ஒரே அளவு வெளிச்சம் கொண்ட சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே நிறம். 2018 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் ரஷ்யா முழுச் சிவப்பில், சவுதி அரேபியா முழுப் பச்சையில் ஆடியபோது, யார் எந்த அணி என்றே தெரியவில்லை எனப் பல ரசிகர்கள் முறையிட்டார்கள். மைதானத்தில் ஆடுபவர்களுக்கும் இது நேர்கிறது. டென்மார்க் நடுக்கள வீரர் தாமஸ் டெலானி, பச்சை உடுத்திய மெக்சிகோவுடன் ஆடியபோது தன் அணியின் சிவப்பைப் பிரித்தறியச் சிரமப்பட்டதாக அதே ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு ஜெர்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கைப்பேசியில் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு சாம்பலும் ஒன்றுபோல இருந்தால் அந்த ஜோடி ஆகாது. ஆண்டுதோறும் இரண்டாவது, மூன்றாவது ஜெர்சி என்று விற்கும் கிளப்புகளிடம் மாற்றிப் போடச் சட்டைக்கா பஞ்சம்? சீருடைகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகள் இந்தச் சோதனையை ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் கட்டாயமாக்க வேண்டும்.