நின்ற மெஷின், அணைந்த மெஷின் அல்ல

"அண்ணே, ஐந்தாம் லேன் நின்றுவிட்டது." ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்த வாக்கியத்தை நான்கு முறையாவது கேட்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. வடசென்னையில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருக்கும் பவுலிங் கூடத்தில், லேன் என்கிற நீளப் பாதையில் பந்தை உருட்டிச் சாய்க்கும் கட்டைகளைத் திரும்ப அடுக்கும் மெஷின்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. கட்டையை ஆங்கிலத்தில் பின் என்கிறார்கள். "பின்னுக்குப் பின்னால் ஒரு பின் மாட்டியிருக்கிறது" என்று ஒருநாள் ஒரு பையன் வந்து சொன்னான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் அது கட்டைதான்.

பந்து திரைக்குள் மறைந்த பிறகு நடப்பதை விளையாடுபவர்கள் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது பத்துக் கட்டை. உள்ளே இருபது, இருபத்திரண்டு சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேலான எடை. முதலில் ஸ்வீப் என்கிற நீளமான சட்டம் இறங்கி வழியை மறித்துக்கொள்ளும். டேபிள் என்கிற தட்டு கீழே வந்து, விழாமல் நிற்கும் கட்டைகளைக் கழுத்தில் பிடித்துத் தூக்கும். கீழே கிடப்பவற்றை ஸ்வீப் குழிக்குள் வாரித் தள்ளும். குழியில் ஓடும் பட்டை அவற்றைப் பின்னால் கொண்டுபோக, ஏற்றுச் சக்கரம் மேலே தூக்க, டிஸ்ட்ரிபியூட்டர் அதனதன் இடத்தில் சேர்க்கும். ஒரு காலத்தில் இதையெல்லாம் சிறுவர்கள் குழிக்குள் குந்தியிருந்து கையால் செய்தார்கள். தானாக அடுக்கும் மெஷினை ஏஎம்எஃப் நிறுவனம் 1946ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் முதலில் காட்டியது. 1952ல் அது கூடங்களுக்கு வந்தது. சிறுவர்கள் தப்பித்தார்கள். அவர்களுடைய இடத்துக்கு இப்போது என்னைப் போன்றவர்கள் வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கூடத்தில் இருந்தபோது நடந்தது இது. வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன் உதவிக்கு வந்திருந்தான். ஐடிஐ முடித்தவன், கை வேகம். ஏற்றுச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கட்டை குறுக்கே மாட்டிக்கொண்டது. சற்று நேரம் முனகிய மோட்டார், பிறகு ஓவர்லோடில் நின்றுவிட்டது. சத்தம் அடங்கியதால் கரண்ட் போய்விட்டது என்று அவன் நினைத்துவிட்டான். ஓவர்லோடு என்பது அதிகச் சூடேறினால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச். அந்த மோட்டாரில் இருந்தது, சூடு ஆறினால் தானாகவே திரும்பச் சேர்ந்துகொள்ளும் வகை. இரண்டு கைகளாலும் கட்டையைப் பிடுங்கினான். கட்டை வந்தது, சக்கரமும் கூடவே வந்தது. முழுக்கைச் சட்டையின் கைப்பகுதியை அது கவ்வி இழுத்த நேரத்தில் நான் சுவிட்சுக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன், அவ்வளவுதான். துணி பழையது, தோள்பட்டைத் தையலோடு கிழிந்து வந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்ததோடு போயிற்று. புதுத் துணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

காசிமேட்டில் விசைப்படகில் கயிறு இழுக்கும் வின்ச் ஓட்டுபவரைக் கேளுங்கள். துவண்டு கிடக்கும் கயிற்றைத் தாண்டிப் போவார், விறைத்து நிற்கும் கயிற்றின் பக்கம் போகமாட்டார். மாட்டிக்கொண்ட மெஷினும் விறைத்த கயிறுதான். பெல்ட் இழுத்துக்கொண்டிருக்கும், ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டிருக்கும், டேபிள் தன் எடையோடு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். கரண்டை நிறுத்தினாலும் ஸ்பிரிங்கின் முறுக்கும் டேபிளின் எடையும் போவதில்லை. தூக்கிய டேபிளுக்கு முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் தலையை நுழைக்கக்கூடாது.

இன்னொரு ஆபத்து நல்ல மனது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பதைப் பார்த்து, கவுண்டரில் இருப்பவர் உதவியாக ரீசெட் பட்டனை அழுத்துவார். பின்னால் ஒருவர் மெஷினுக்குள் குனிந்திருப்பது அவருக்குத் தெரியாது. இதைத் தடுக்க வாக்கி டாக்கி போதாது, எழுதி ஒட்டிய அட்டையும் போதாது. அந்த லேனின் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியை உள்ளே போகிறவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சாவி மேனேஜரிடம் இருக்கக்கூடாது. இதற்காக நான் போட்ட சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

பழுதுகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. லேனில் பூசும் எண்ணெய் பந்தோடு ஒட்டி உள்ளே வரும், குழிப் பட்டையில் படியும், அதிலிருந்து கட்டைக்கு ஏறும். வழுக்கும் கட்டை சக்கரத்தில் நேராக உட்காராது. கழுத்தில் பிளாஸ்டிக் உரிந்த கட்டை டிஸ்ட்ரிபியூட்டரில் சிக்கும். அதை எடுத்து எறியாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டு, மெஷின் சரியில்லை என்பார்கள்! நம் பகுதியின் கடல் காற்று வேறு. இரவில் ஏசியை அணைத்ததும் ஈரம் ஏறி, சுவிட்ச் முனைகளில் பச்சை பூக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மின்சாரம் திரும்பியபோது, எங்கள் மெஷின்களில் மூன்று ஓடவே மறுத்தன. உடைந்த பாகம் ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் முழுக்கத் துடைத்ததுதான் வைத்தியம்.

உதிரிபாகம் என்றாலே வெளிநாட்டுக்கு எழுத வேண்டும் என்று முதலாளிகள் மலைக்கிறார்கள். பாதி உண்மை. பழைய பேரிங்கின் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள், எண் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிமன் 12. உலகம் முழுக்க அதே அளவு. லிங்கிச் செட்டித் தெருவில் அரை மணி நேர வேலை. வி-பெல்ட்டும் அப்படியே. கட்டையைப் பிடிக்கும் கப்பும் கியரும்தான் கப்பலில் வரவேண்டியவை. அவற்றை உடையும் முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

விளையாட வருபவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஸ்வீப் இறங்கியிருக்கும்போது பந்தை விடாதீர்கள். ஏழு கிலோ வரை எடையுள்ள பந்து அதில் மோதினால் சட்டம் வளையும், அன்றைய மாலை உங்களுக்கும் போகும், எனக்கும் போகும். பந்து பாதியில் நின்றுவிட்டால் எடுக்க நடந்து போகாதீர்கள். பந்து விடும் கோட்டுக்கு அப்பால் எண்ணெய், நிற்க முடியாது. எல்லாவற்றையும்விட, பந்து திரும்பி வரும் இடத்தில் குழந்தைகளைக் கவனியுங்கள். அடுத்த பந்து வந்து முட்டும் பக்கத்தில் விரலை வைத்தபடி பந்தை எடுப்பார்கள். வருகிற பந்தைப் பார்த்தபடி, இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள். நசுங்கிய விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தனையும் பந்து எடுக்கும் இடத்தில் நடந்தவை.

இப்போது கட்டைகளைக் கயிற்றில் கட்டித் தூக்கும் மெஷின்கள் பரவுகின்றன. பாகங்கள் குறைவு, ஆபத்தும் குறைவு. கயிறு சிக்கும், தேயும், அவ்வளவே. அந்த முடிச்சுகளை எங்கள் கூடத்தில் போடுபவன் வலை பின்னும் குடும்பத்துப் பையன். என் முடிச்சு இரண்டு வாரம் தாங்கும். அவன் முடிச்சை அவிழ்க்கக் கத்திதான் வேண்டும்.

பூட்டு விஷயத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் ஏழாம் லேனைப் பூட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அதை மறந்து, சாவியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது மேனேஜர் போன் செய்தார். "பூட்டை உடைத்துவிடவா?" என்றார். "உடைக்காதீர்கள் சார், வருகிறேன்" என்று ஷேர் ஆட்டோ பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது அந்த லேனுக்கு டிக்கெட் எடுத்திருந்த குடும்பம் கிளம்பியிருந்தது. பூட்டு மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.