ஸ்பீக்கர் திருப்பி அனுப்பும் மின்சாரம்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பச்சி மலேசியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் வீட்டில் இருக்கிறது. பின்னால் 8 ஓம், 88 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. சப்வூஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் சேர்த்து ஹோம் தியேட்டர் ஆக்க ஆசை. கடையில் 6 ஓம், 150 வாட் என்று ஒரு ரிசீவரைக் காட்டுகிறார்கள். ஓம் பொருந்தாவிட்டால் ஸ்பீக்கர் எரிந்துபோகும் என்கிறார் எலக்ட்ரீஷியன். என்ன செய்யலாம்?"

எரியாது. ரிசீவர் என்பது ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் ஓம் (மின்தடை அளவு), அது தாங்கக்கூடிய கீழ் எல்லை. 6 ஓம் என்று போட்டதில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதற்கு வேலை குறைவுதான். 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டும்போதுதான் யோசிக்க வேண்டும். அதே வோல்டேஜுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் பாயும், டிரான்சிஸ்டர்கள் சூடாகும், சத்தத்தைக் கூட்டியதும் ரிசீவர் தானாக அணைந்துவிடும். சித்திரை வெயிலில், காற்றுப் புகாத மர அலமாரிக்குள் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் அணையும்.

இது பள்ளிக்கூடத்து ஓம் விதி. எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று அந்த 8 என்ற எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 காட்டாது, 6-ஐ ஒட்டி ஏதாவது காட்டும். மீட்டர் பார்ப்பது கம்பிச்சுருளின் வெறும் மின்தடையை. பாட்டு ஓடும்போது நிலைமை வேறு. ஓர் அதிர்வெண்ணில் 7 ஓம், இன்னொன்றில் 12, வேறொன்றில் 30, 40 என்று அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பி அதேதான், நீளமும் அதேதான். பிறகு ஏன் இப்படி?

இன்று நம் வீடுகளில் இருக்கும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் செய்து காட்டினார்கள். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் நகரும், கூம்பு காற்றைத் தள்ளும். இதுவரை மோட்டார். ஆனால் காந்தப்புலத்துக்குள் கம்பி நகர்ந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டைனமோவாகவும் வேலை செய்கிறது. ரிசீவர் அனுப்பும் மின்னழுத்தத்துக்கு எதிராக, ஸ்பீக்கர் தன் பங்குக்கு ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. கூம்பு எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ, திரும்பி வருவதும் அவ்வளவு பெரிது.

வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) தொங்கும் ஊஞ்சலை அதன் தாளத்தோடு சேர்ந்து தள்ளினால் ஒரு விரல் போதும். கூம்புக்கும் அப்படியொரு சொந்தத் தாளம் உண்டு. தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்களான வூஃபர்களில் அது பொதுவாகச் சில பத்து ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண் வரும்போது கூம்பு துள்ளி ஆடும். துள்ளி ஆடுவதால் எதிர் மின்னழுத்தம் பெருகும். ரிசீவர் தள்ளுவதை அது பெரும்பகுதி ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது கொஞ்சம், பாயும் மின்னோட்டமும் கொஞ்சம். வெளியிலிருந்து பார்க்கும் ரிசீவருக்கு அங்கே 40 ஓம் இருப்பதாகத் தெரிகிறது. அதைத் தாண்டினால் கூம்பின் வேகம் குறைந்து, கம்பியின் அசல் தடை வெளிப்பட்டு, 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பெட்டியில் துளை வைத்த டவர் என்றால் இந்த 40 ஓம் மேடே இரண்டாகப் பிரியும். 8 ஓம் என்பது இந்த மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒட்டிய முகவரி. சர்வதேசத் தர விதிப்படி, எந்தப் பள்ளமும் அந்த எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 என்றால் 6.4. வாசகரின் ஸ்பீக்கர் 6 ஓம் ரிசீவரில் ஏன் நிம்மதியாக ஓடும் என்பது இப்போது புரியும்.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க முடியும் என்பதுதான் எனக்கு ஆனந்தம். ரேடியோ ரிப்பேர் கடையில் சும்மா கிடக்கும் ஒரு பெரிய வூஃபரை வாங்கி வாருங்கள். சுருள் அறுந்துபோகாததாக இருக்க வேண்டும். எதோடும் இணைக்காமல் கூம்பை விரலால் மெல்லத் தட்டினால் 'தொம்ம்' என்று இழுத்து அடங்கும். இப்போது இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் நேராக இணைத்துவிட்டுத் தட்டுங்கள். 'டப்' என்று அங்கேயே நின்றுவிடும். பசை போட்டதுபோலக் கூம்பு கனத்துத் தெரியும். பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. நீங்கள் தட்டிய ஆட்டமே மின்னோட்டமாகி, அந்த மின்னோட்டமே ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தூண்டிய மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும் என்ற லென்ஸ் விதியைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை காட்டினால் போதும், ஆயுளுக்கும் மறக்காது.

நல்ல ரிசீவர் செய்வதும் இதையேதான். ஸ்பீக்கரின் பக்கமிருந்து பார்த்தால், ரிசீவரின் உள்தடை ஓர் ஓமில் சிறு பங்கு. கிட்டத்தட்ட அந்தத் துண்டுக் கம்பி. தவில் அடி நின்றதும் கூம்பும் நிற்பது இதனால்தான். நடுவில் மெலிந்த வயரைப் போட்டால் பிடி தளரும். ரிசீவருக்கும் ஸ்பீக்கருக்கும் 10 மீட்டர் என்றால் போகவர 20 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அது ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் போட்டால் 0.14-க்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கொட்டி, தங்க முலாம், 'ஆக்சிஜன் நீக்கிய' செம்பு, 'நூறு மணி நேரம் பழக்கிய' கேபிள் என்று வாங்குவது என் கண்ணில் மூடநம்பிக்கை. அந்தச் சுற்றிலேயே சுருளின் 6 ஓம் உட்கார்ந்திருக்கிறது. அதை எந்தக் கேபிளாலும் குறைக்க முடியாது. தாயத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வாட் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 88 டெசிபெல் என்றால் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் அவ்வளவு சத்தம். 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளியில் 12 குறைந்து 76. அறைக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் அவ்வளவு குறையாது. 25 வாட்டில் 90, 80 வாட்டில் 95. வீட்டில் படத்தின் உச்சச் சத்தத்துக்கு அதுவே அதிகம். 100 வாட் ரிசீவரை விட்டு 150 வாட்டுக்குப் போனால் கூடுவது 2 டெசிபெல்கூட இல்லை. தவிர, அந்த 150 எப்படி அளந்தது என்று பார்க்க வேண்டும். 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல், 10 சதவீதச் சிதைவு என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல், சிதைவு 0.1 சதவீதத்துக்குக் கீழ் என்று போட்டிருக்கும் 80 வாட், அந்த 150-ஐ விட நம்பகமானது. சப்வூஃபர் வாங்கியதும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்குத் தள்ளிவிடும்படி ரிசீவரில் அமையுங்கள். டவர்களின் பளுவும் ரிசீவரின் பளுவும் ஒன்றாகக் குறையும்.

ஆனால் செட்டிநாட்டு வீட்டில் ரிசீவரைவிடப் பெரிய கேள்வி அறை. 1895-ல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யச் சொன்னபோது, வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் நொடிகளில் கிடைக்கும் என்பது அவர் ஆய்விலிருந்து வந்த சூத்திரம். நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மீட்டர் நீளம், 5 அகலம், 4.5 உயரம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடி டைல்ஸ். இவை படும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கை விழுங்கும் என்று வைத்தால் நேரம் ஏறக்குறைய 5 நொடி! வசனம் கேட்க அரை நொடிக்குள் இருக்க வேண்டும். வளவுப் பக்கம் ஒரு கதவையும் ஜன்னலையும் திறந்து 5 சதுர மீட்டர் வழிவிட்டாலே 3 நொடிக்குக் கீழே இறங்கும். திறந்த ஜன்னலுக்குள் போன ஒலி திரும்பாது. சபைன் தன் அளவுகோலாக வைத்துக்கொண்டதே திறந்த ஜன்னலைத்தான்.

இந்த வீடுகளின் அழகைப் படமெடுக்க உலகமே வருகிறது. அவற்றின் ஒலியையும் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஒரு மைக், ஒரு மடிக்கணினி, வெடிக்க நாலு பலூன். கல்லூரி மாணவர்களே செய்யலாம். மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த மண்ணில் ஓர் இயற்பியல் துறைக்கு அளவீட்டு மைக் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாமலா போகும்? கேபிளுக்குக் கொடுக்கும் காசில் பாதி போதும்.

வாசகருக்கு என் யோசனை: பெரிய ஹாலை விட்டுவிட்டு இரண்டாங்கட்டில் ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். தரையில் கனத்த கம்பளம், பின்சுவரில் புத்தக அலமாரி, பக்கச் சுவர்களில் இருந்து ஒரு சாண் தள்ளி இரட்டை மடிப்பாகக் கனமான திரை. கண்டாங்கிச் சேலை அழகாக இருக்கும்; ஆனால் மெல்லிய பருத்தி ஒலியை விழுங்காது. ரிசீவரில் மைக் வைத்து அறையைச் சரிசெய்யும் வசதி இருக்கட்டும், ஆனால் 5 நொடி எதிரொலியை அதனால் அழிக்க முடியாது. திரையும் கம்பளமும் போட்ட பிறகு மைக்கை வையுங்கள்.