வளாகம் அல்ல, தன்னிடம்: ‘ஆன்-பிரெமிஸ்’ என்ற சொல்லைப் பற்றி

போன மாதம் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் சிறு வணிகர்களுக்காக ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. திரையில் இப்படி ஒரு வரி வந்தது: ‘மேகச் செயலிகளையும் வளாகச் செயலிகளையும் ஒருங்கிணைப்பதன் அடிப்படைகள்’. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மளிகை மொத்த வியாபாரி. ஊபியில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் நான்காம் மாடியில் கிடங்கு வைத்திருக்கிறார். மெதுவாகக் கேட்டார்: “தம்பி, வளாகம்னா நம்ம பில்டிங்கையா சொல்றாங்க? அப்போ அந்த சர்வரை பில்டிங் மேனேஜ்மென்ட் பாத்துக்குமா?”

அவர் கேட்டதில் தவறே இல்லை. தமிழில் அந்த வரி அப்படித்தான் பொருள் தருகிறது. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுப்பது என் வேலை. மேகச் செயலி என்றால் இணையம் வழியே வேறொருவர் சர்வரில் ஓடுவது; ஆங்கிலத்தில் ‘ஆன்-பிரெமிஸ்’ என்பது நிறுவனம் தானே வைத்துப் பார்த்துக்கொள்ளும் சர்வரில் ஓடுவது. அந்த ‘ஆன்-பிரெமிஸ்’தான் தமிழில் ‘வளாகம்’ ஆகியிருக்கிறது. கையேடுகளிலும் விற்பனைத் தாள்களிலும் இந்த ‘வளாக’த்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். அன்று அவர் முகத்தைப் பார்த்ததும் இதை எழுதியே தீர்வது என்று தோன்றிவிட்டது.

முதலில் ‘பிரெமிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை. லத்தீனில் ‘ப்ரேமிஸா’ என்றால் முன்னால் வைக்கப்பட்டது. தர்க்கம் பேசியவர்கள், முடிவுக்கு முன்னால் வைக்கும் கூற்றுக்கு அதைப் பெயராக்கினார்கள். பத்திரம் எழுதியவர்களோ ‘மேலே சொன்ன வீடும் நிலமும்’ என்ற பொருளில் அதையே பன்மையில் எழுதினார்கள். எழுதி எழுதி, ‘மேலே சொன்னவை’ என்பதே வீட்டுக்கும் நிலத்துக்கும் பெயராகிவிட்டது. நம் பத்திரங்களில் ‘மேற்படி சொத்து’ என்று வருமே, அதே வழக்கம்தான். அதற்கென்று ௸ என்ற குறிகூட நம்மிடம் உண்டு; யூனிகோடிலும் இருக்கிறது. ‘மேற்படி’ என்ற சொல்லுக்கே வீடு என்று பொருள் ஏறியிருந்தால் எப்படியோ, அப்படித்தான் அங்கே நடந்தது.

ஆக, அந்தச் சொல்லில் சுற்றுச்சுவரும் இல்லை, மைதானமும் இல்லை. இன்னாருக்கு உரியது என்று எழுதிவைத்த இடம் என்பதுதான் அதன் வேர்.

வளாகம் மோசமான சொல் என்று நான் சொல்லவில்லை. மிக அழகான, பழைய சொல். வளைத்தது, சூழ்ந்தது என்ற பொருளிலிருந்து வந்தது. புறநானூற்றில் ‘தெண்கடல் வளாகம்’ என்றால் கடல் சூழ்ந்த உலகம் முழுவதும். இன்றும் பல்கலைக்கழக வளாகம், கோயில் வளாகம் என்கிறோம். எங்கே வந்தாலும் அது பெரிய இடம், எல்லை வளைத்த இடம், பலர் புழங்கும் இடம். மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் ஒரு கணினிக்கு இந்தச் சொல்லை எப்படிப் போட மனம் வருகிறது? சிங்கப்பூரில் பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு வளாகமே கிடையாது. தொழிற்கூட அடுக்குமாடியில் ஓர் அறை, கடைவீட்டின் மேல்மாடி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கடை, அவ்வளவுதான். கட்டடம் ஒருவருடையது, அறை வாடகைக்கு, கணினி மட்டும் சொந்தம். அங்கே போய் ‘உங்கள் வளாகம்’ என்றால் அவர் மின்தூக்கியையும் வாகன நிறுத்துமிடத்தையும்தான் நினைப்பார்.

சரி, சொல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அதனால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அளவு மட்டும் பிரச்சினை என்றால் நானும் விட்டுவிடுவேன். இங்கே பேசப்படும் வேறுபாடு வெறும் இடவேறுபாடே அல்ல. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011இல் மேகக் கணிமைக்கு ஒரு வரையறை வெளியிட்டது. உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் ஒரே நிறுவனத்துக்கென அமைக்கும் தனியார் மேகம் என்ற வகை, நிறுவனத்தின் இடத்திலும் இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. மேகமே நம் அறைக்குள் இருக்கலாம் என்றால் ‘மேகமா, வளாகமா’ என்ற கேள்வி அங்கேயே உடைந்துபோகிறது. மறுபக்கமும் உண்டு. சொந்த சர்வரைத் தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த அடுக்கில் வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. இயந்திரம் அவர்களுடையது, மென்பொருளை நிறுவுவதும் புதுப்பிப்பதும் அவர்கள், பழுதானால் ஓடுவதும் அவர்கள். அதை எந்த வளாகத்தில் சேர்ப்பது?

இந்த ஏற்பாடு நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கி என்ற பொதுக் கூடத்தில் வட்டித் தொழில் நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே நீளமான கூடம். அதில் பல மார்க்காக்கள், அதாவது தனித்தனித் தொழில்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தனித்தனிப் பெட்டியடி, தனிப் பெட்டி, தனிப் பேரேடு. கூரை பொதுவானது, கணக்கு அவரவருடையது. பேரேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ‘கிட்டங்கியில்’ என்பது பாதி விடைதான். ‘என்னிடம் இருக்கிறது’ என்பதே முழு விடை.

அந்த ‘என்னிடம்’தான் நான் தேடிய சொல். தமிழில் ‘இடம்’ என்பது தலத்தையும் குறிக்கும், வேற்றுமை உருபாக நின்று உடைமையையும் பொறுப்பையும் குறிக்கும். பணம் என்னிடம் இருக்கிறது, சாவி அவரிடம் இருக்கிறது. பேச்சில் ‘என்கிட்ட’. ஆங்கிலத்தில் பத்திரக்காரர்கள் சுற்றி வளைத்துக் கொண்டுவந்த பொருள் நமக்கு ஓர் உருபிலேயே கிடைக்கிறது. ஆகவே ‘தன்னிட மென்பொருள்’, ‘தன்னிடச் சேவையகம்’ என்கிறேன். தன்னிலை, தன்னாட்சி என்றெல்லாம் சொல்கிறோம், தன்னிடம் மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

‘உள்ளக மென்பொருள்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். வளாகத்தைவிடத் தேவலாம். ஆனால் உள்ளகம் என்றால் உள் பயன்பாட்டுக்கானது என்றுதான் ஊழியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். விடுப்புக்கு விண்ணப்பிக்கும் செயலி உள் பயன்பாட்டுக்கானதுதான், ஆனால் அது ஓடுவது மேகத்தில். ‘களத்தில் உள்ள’ என்றும் பார்த்தேன். அதைப் படித்தால் கட்டுமானத் தளமும் மஞ்சள் தொப்பியும்தான் கண்முன் வருகின்றன.

‘ஒருங்கிணைப்பு’ மீது எனக்குப் பெரிய புகார் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும், பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ‘இணைப்பு’ என்றாலே போதும்.

சொல் சரியானால் வேலையை விளக்குவதும் எளிதாகிறது. ஊபிக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவருடைய இணையக் கடை மேகத்தில் இருக்கிறது. சம்பளமும் மசேநி (மத்திய சேம நிதி) சந்தாவும் கணக்கிடும் செயலியும் மேகத்தில். சரக்கிருப்பும் விலைப்பட்டியலும் (இன்வாய்ஸ்) மட்டும் தன்னிடம் உள்ள சர்வரில். இணையக் கடையில் விழும் ஆர்டர் சரக்கிருப்பில் கழிய வேண்டும். ஆனால் அவருடைய ஃபயர்வால் வெளியிலிருந்து யாரையும் உள்ளே விடாது, விடவும் கூடாது. அதனால் அவர் சர்வரில் ஒரு சிறு இணைப்பி நிரலைப் போடுகிறோம். அது உள்ளிருந்து வெளியே போய், புதிய ஆர்டர் உண்டா என்று மேகத்தைக் கேட்டு வாங்கி வருகிறது. இன்னும் எளிய வழி, இரவில் ஒரு கோப்பாக அனுப்பி வாங்குவது. மலிவு, ஆனால் பகல் முழுக்க இரண்டு பக்கமும் வேறுவேறு இருப்பைக் காட்டும். எந்தப் பக்கத்து எண்ணை நம்புவது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் சண்டைதான். இணையம் அறுந்தால் ஆர்டர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும், இரட்டையாகப் பதிவாகவும் கூடாது.

இவை ஒவ்வொன்றிலும் ‘யாரிடம்’ என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. வளாகம் என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் மீது என் வருத்தம் இங்கேதான். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வரியைப் படிக்கப்போகிறவர் யார், அதை வைத்து என்ன முடிவு எடுப்பார் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. 2025 நவம்பர் 1 முதல், தாமாக முன்வந்து பொருள், சேவை வரிக்குப் பதியும் புதிய நிறுவனங்கள் விலைப்பட்டியல் தரவை இன்வாய்ஸ்நவ் என்ற மின்-விலைப்பட்டியல் கட்டமைப்பு வழியாக வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. இணைப்பைப் பற்றித் தமிழில் விளக்கம் கேட்கும் கடைக்காரர்கள் இனி கூடுவார்களே தவிரக் குறையமாட்டார்கள்.

கூட்டம் முடிந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். “அண்ணே, வளாகத்தை விடுங்க. உங்ககிட்ட இருக்கிற சர்வரைத்தான் சொன்னாங்க,” என்றேன். தே-ஓவை (பாலில்லாத தேநீரை) கலக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: “என்கிட்ட இருக்குன்னா, அப்போ பேக்கப்பும் நான்தானே எடுக்கணும்? நாலு வருஷமா யாருமே எடுக்கலையே தம்பி.”

மறுநாள் காலை ஊபிக்குப் போனேன்.