மாட்டு ஊசியும் பாறின் சிறுநீரகமும்

திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு உச்சிவேளையில் படையல் உண்ண வந்துகொண்டிருந்த இரண்டு கழுகுகள் ஏன் இப்போது வருவதில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 'கலி முற்றிவிட்டது, பாவம் கூடிவிட்டது, அதனால் வரவில்லை' என்று அவருடைய பாட்டி சொல்வாராம். பாட்டியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாவம் என்று சொல்லி முடித்துவிட்டால் அதற்குமேல் தேட ஒன்றும் இருக்காது. நடந்ததைத் தேடிப் போனவர்கள் கண்டுபிடித்த கதையோ அவ்வளவு துல்லியமானது.

அங்கே வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பறவைக்குச் சங்கப் பாடல்களிலேயே பாறு என்ற அழகான பெயர் உண்டு. கோயிலுக்கு அவற்றின் வருகை 1990களின் இறுதியில் நின்றது. நாடு முழுவதும் பாறுகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர், கழுத்து தொங்கிப்போய் மரத்தில் உட்கார்ந்திருக்கும் பாறுகளையும் கீழே விழுந்து கிடந்தவற்றையும் கவனித்துப் பதிவு செய்தார். 1992-இலிருந்து 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துபோனது. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறும் ஏறத்தாழ 97 சதவீதம் அழிந்தது.

முதலில் ஏதோ வைரஸ் நோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். விடை பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை ஆய்வாளரின் தலைமையிலான குழு அங்கே செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றின் இதயம், கல்லீரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவம். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. கிருமியும் இல்லை, பூச்சிக்கொல்லியும் இல்லை. அப்புறம்தான் அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். பாறு தின்பது பெரும்பாலும் செத்த மாடு. அந்த மாட்டுக்குள் என்ன இருந்தது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியதாகவும், வயிற்றின் வழியாக உடலில் சேர்வதாகவும், அண்மையில் பரவலானதாகவும் ஒரே ஒரு மருந்துதான் அகப்பட்டது. டைக்ளோஃபெனாக். மாட்டின் வலிக்கு ஊசியாகப் போடுவது; மூட்டுவலிக்கு நாமும் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. வெள்ளைப் படிவம் இருந்த 25 பறவைகளைச் சோதித்தபோது 25-லும் அது இருந்தது. படிவம் இல்லாத 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் வெளியான ஆய்வு இது.

சரி, மாட்டையும் நம்மையும் ஒன்றும் செய்யாத மருந்து பாறுகளை மட்டும் ஏன் கொல்கிறது? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

இறைச்சியோ பருப்போ, புரதம் செரித்தால் நைட்ரஜன் கழிவு மிஞ்சும். நாம் அதை யூரியாவாக்கி, தண்ணீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகிறோம். பறவைக்கு அந்த வழி ஒத்துவராது. காரணம் முட்டை. ஓட்டுக்குள் வாரக்கணக்கில் அடைபட்டு வளரும் குஞ்சு எங்கே போய்ச் சிறுநீர் கழிக்கும்? கரையும் கழிவு என்றால் அதுவே சுற்றிச் சேர்ந்து குஞ்சை நஞ்சாக்கிவிடும். அதனால் பறவையினம் யூரிக் அமிலத்தைத் தேர்ந்துகொண்டது. அது நீரில் அநேகமாகக் கரையாது. துகளாகப் படிந்து, முட்டைக்குள் ஒரு சின்னப் பையில் ஒதுங்கிக் கிடக்கும். குஞ்சுக்குத் தொல்லை இல்லை. வளர்ந்த பிறகும் அதே முறைதான். காக்கை எச்சத்தில் நாம் பார்க்கும் வெள்ளை, யூரிக் அமிலமே. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

ஆனால் கரையாத பொருளை வடிகட்டி மட்டும் வெளியேற்றிவிட முடியாது. பறவையின் சிறுநீரகக் குழாய்ச் சுவரில் இருக்கும் செல்கள் இரத்தத்திலிருந்து யூரிக் அமிலத்தைக் கையால் அள்ளுவதுபோல அள்ளிக் குழாய்க்குள் தள்ளுகின்றன. அள்ளுகிற கை, செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு கடத்திப் புரதம். யூரிக் அமிலத்தின் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் போகிறது. அந்தக் கை டைக்ளோஃபெனாக்கையும் பற்றிக்கொள்ளும். வாசலில் மருந்து வந்து நின்றுவிட்டால் யூரிக் அமிலம் உள்ளே நுழைய முடியாமல் இரத்தத்திலேயே தேங்குகிறது. கோழியின் சிறுநீரகச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது இந்தத் தடை தெரிந்தது. போதாததற்கு, மருந்து அந்தச் செல்களையே அரித்துச் சாகடிப்பதும் தெரிந்தது. யூரிக் அமிலமோ எளிதில் கரையாதது. அளவு ஏற ஏற, ஊசி ஊசியான படிகங்களாக இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் படிகிறது. ஓக்ஸ் குழு பார்த்த வெள்ளைப் பூச்சு அதுதான். முட்டைக்குள் குஞ்சைக் காப்பாற்றிய அதே கரையாத்தன்மை, வளர்ந்த பறவையை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடுகிறது. முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எவ்வளவு மருந்து வேண்டும்? ஐந்து கிலோ எடையுள்ள வெண்முதுகுப் பாறுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். நாம் விழுங்கும் ஒரு மாத்திரையில் 50 மில்லிகிராம் இருக்கிறது. எல்லாப் பறவைக்கும் இந்தக் கதி இல்லை என்பது இன்னொரு வியப்பு. அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ஒரு வகைப் பிணந்தின்னிப் பறவைக்கு இதைப்போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஊசி போட்ட சில நாட்களில் இறக்கும் மாடுகள் எவ்வளவு இருந்துவிடும் என்று கேட்கலாம். ஒரு செத்த மாட்டை நூறு பாறுகள் சேர்ந்து தின்னும். மூன்று நாளுக்கு ஒருமுறை தின்கிற பாறுகூட ஆண்டுக்கு நூற்றிருபது பிணங்களில் வாய் வைக்கும். 760 பிணங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே இந்தப் பேரழிவு நேரக்கூடும் என்று கணக்கு சொன்னது. பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும், அதுவும் நாலைந்து வயதான பிறகு. இழப்பை ஈடுகட்ட அதனால் முடியவில்லை.

பாறு போன இடத்தில் செத்த மாடுகள் நாறிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி கூடியது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் பாறுகள் இல்லாததால் இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2024-இல் மதிப்பிட்டார்கள். பிணம் தின்னும் பறவையை அபசகுனம் என்று விரட்டுகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லத் தோன்றுகிறது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. பாறுக்குத் தீங்கான வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் 2023-இல்தான் மாடுகளுக்குத் தடைக்கு வந்தன. ஒவ்வொரு மருந்தும் முதலில் சந்தைக்கு வந்து, பாறுகளைக் கொன்று, அதன்பிறகு தடையாவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாட்டுக்கு ஒரு புது வலி நிவாரணி வரும்போதே அது பாறுக்கு ஆகுமா என்று சோதிக்கச் சட்டம் வேண்டும், அதற்குப் பணமும் ஒதுக்க வேண்டும். செத்த பறவையை அறுத்துப் பார்க்கும் ஆய்வகங்களுக்கு நாம் செலவழிப்பது மிகக் குறைவு. இந்தப் புதிரை அவிழ்த்தது அந்த வேலைதானே.

மாற்று மருந்து கைவசம் இருக்கிறது. மெலாக்சிகாம் மாட்டின் வலியைக் குறைக்கும், பாறுக்குத் தீங்கு செய்யாது என்பது 2006-இலேயே நிரூபணமானது. மாடு வளர்க்கிறவர்கள் ஊசி போடவரும் மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறுகள் இன்று முக்கியமாக நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு கட்டுகின்றன. ஒரு கூட்டுக்கு ஒரு முட்டை. அதற்குள் கரையாத வெள்ளைத் துகளைச் சின்னப் பையில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒரு குஞ்சு வளர்கிறது.