இதய முறிவா, ஆற்றாமையா?

பாளையங்கோட்டைப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டிருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் என் அக்கா மகன். கிடார் துள்ளலும் பாப் மெட்டும் சேர்ந்த 'பவர் பாப்' வகை. எட்டுப் பாட்டும் காதலையும் அது கைகூடாமல் போவதையும் பற்றியவை. இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை வாய் தானாக முணுமுணுக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் வெளியீட்டு நாளில் மேடையில் பேசியவர் "காதலும் இதய முறிவும் கலந்த கன்னி ஆல்பம்" என்றார். கையில் இருந்த நோட்டீசிலும் அதே வரி.

'கன்னி' போகட்டும், 'முதல்' என்று சொன்னால் முடிந்தது. 'ஆல்பம்' இருக்கட்டும். ரோமில் அறிவிப்பு எழுதிய வெள்ளைப் பலகைக்குப் பெயர் அது. பிறகு ஏடாகி, கிராமபோன் தட்டுகளைச் செருகி வைக்கும் உறைப் புத்தகமாகி நம்மிடம் வந்தது. போட்டோ ஆல்பம் இல்லாத வீடு நம் ஊரில் உண்டா? அது நம் சொல்லாகிவிட்டது. என்னால் விட முடியாதது 'இதய முறிவு'தான்.

ஆங்கிலத்தில் 'ஹார்ட்பிரேக்' என்பது இதயம், உடைதல் என்ற இரண்டு பழஞ்சொற்களின் கூட்டு. அவர்களுக்கு உணர்ச்சியின் இருப்பிடம் இதயம், அது உடைகிறது. அவ்வளவுதான் வரலாறு. அதை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் ஒரு சொல் எடுத்து, மறுபடி ஒட்டியதுதான் 'இதய முறிவு'.

தமிழில் எது முறியும்? கிளை முறியும், எலும்பு முறியும், பேச்சுவார்த்தை முறியும். நாகர்கோவில் போகும் வழியில் 'எலும்பு முறிவு வைத்தியசாலை' என்ற பலகையைப் பார்க்காதவர்கள் உண்டா? அந்தச் சொல்லைக் கேட்டதும் மூங்கில் பத்தையும் எண்ணெய்த் துணியும்தான் கண்முன் வருகின்றன. இன்னொன்றும் இருக்கிறது. 'விஷ முறிவு' என்றால் விஷத்தை முறிக்கும் மருந்து. அந்தக் கணக்கில் இதய முறிவு என்பது இதயத்துக்கு மாற்று மருந்தா? ஒரு சொல் கேட்பவரை இத்தனை பக்கம் இழுத்தடித்தால், பாட்டில் அழுகிறவனின் அழுகை எப்படி வந்து சேரும்?

'காதல் தோல்வி' என்று சொல்லலாமே என்பார்கள். பழகிய சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோல்வி பரீட்சைக்கும் தேர்தலுக்கும் உரியது. ஒருத்தி விலகிப் போனதால் ஒருவன் தோற்றவன் ஆவானா? அப்படியென்றால் ஜெயித்தது யார்? பெண்ணை எதிரணியில் நிறுத்திவிடுகிற சொல் அது. நம் சினிமா அதை வைத்துச் செய்த கெடுதல் போதும். 'மனமுடைதல்' தமிழ்தான், நல்ல சொல்தான். ஆனால் கடன்காரனும் மனமுடைகிறான், மதிப்பெண் குறைந்த பிள்ளையும் மனமுடைகிறது. செய்தித்தாளில் 'மனமுடைந்த வாலிபர்' என்று தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். பாட்டுக்கு அந்தச் சொல் வேண்டாம்.

நமக்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஆற்றாமை. திருக்குறளின் 116-ஆம் அதிகாரத்துக்கே 'பிரிவாற்றாமை' என்று பெயர். அதில் ஒரு குறள்:

தொடிற்சுடின் அல்லது காமநோய் போல
விடிற்சுடல் ஆற்றுமோ தீ

தீ தொட்டால்தான் சுடும். காதல் போல, விட்டு விலகினால் சுட அதற்கு முடியுமா? மூன்று நிமிஷப் பாட்டில் திரும்பத் திரும்ப வரவேண்டிய வரி இது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், பிரிவை ஆற்றி, பின்னும் இருந்து வாழ்கிறவர்கள் பலர் என்கிறது. அப்படி ஆற்ற முடியாததுதான் ஆற்றாமை. இதில் எதுவும் உடையவில்லை. சூடு தணியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை.

இது ஏட்டுச் சொல் என்று யாரும் சொல்ல வேண்டாம். அக்காவைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுநாள் காலை, அம்மா அடுப்படியில் நின்று காப்பி ஆற்றினாள். டம்ளருக்கும் வட்டாவுக்குமாக ஊற்றி ஊற்றி, நுரை அடங்கி, காப்பி பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்துவிட்டது. அப்புறமும் கை நிற்கவில்லை. "மனசு ஆறமாட்டேங்கு டே" என்றாள். காப்பி ஆறும், புண் ஆறும், மனசும் ஆறும். எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே வினைதான்.

இப்போது செய்திகளில் ஆற்றாமை என்றால் பொறாமை, கையாலாகாத கோபம் என்று ஆகிவிட்டதே என்று கேட்கலாம். "எதிர்க்கட்சியினர் ஆற்றாமையில் பேசுகிறார்கள்" என்று தினமும் படிக்கிறோம். அது அறிக்கை எழுதுகிறவர்கள் செய்த வேலை. அதற்காக நாம் சொல்லைக் கைவிடக் கூடாது. ஐயம் வருகிற இடத்தில் பிரிவாற்றாமை என்று முழுதாக எழுதுங்கள். சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். 'ஐ மிஸ் யூ' என்பதற்கு 'உன்னை நினைத்து ஏங்குகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'நான் உன்னைத் தவறவிடுகிறேன்' என்று போடுகிறார்களே, அவர்கள் தமிழ் தெரியாதவர்கள் இல்லை. வாக்கியத்தை வீட்டில் பேசிப் பார்க்காதவர்கள்.

இன்னொரு பொருத்தம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. 'பவர் பாப்' என்பது 'தி ஹூ' என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967-இல் தங்கள் இசைக்குச் சொன்ன பெயர். கிடார் துள்ளும், மெட்டு சிரிக்கும், வரிகள் பெரும்பாலும் அழும். அந்தப் பவருக்குத் தமிழ் ஆற்றல். ஆற்றலும் ஆற்றாமையும் 'ஆற்று' என்ற ஒரே சொல்லில் பிறந்தவை. இந்தப் பையன்களின் ஆல்பத்தில் கேட்பது அந்த இரண்டும்தான்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். அடுத்த நோட்டீசில் 'காதலும் ஆற்றாமையும்' என்று போடச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமா, ஆச்சி பேசுத மாதிரி 'ஆத்தாம'ன்னே போட்டிரட்டா?" என்றான்.

"தாராளமாப் போடு டே" என்றேன்.