மூணாறு உறைபனியில் துளசி கருகுவதும் கொத்தமல்லி தப்புவதும்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, மூணாறு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்களில் சில விடியல்களில் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும். அன்றைக்கு லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பாத்திகளில் துளசி கருகித் தொங்கும். அதே பாத்தியில் கொத்தமல்லி நிமிர்ந்தே நிற்கும்.

மேகமில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமும் ஈரப்பதமும் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். வறண்ட, தெளிந்த வானத்திலிருந்து வருவது குறைவு. அதனால் காற்றை விட இலை சில டிகிரி கூடுதலாகக் குளிர்கிறது. ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே தரையோரத்து இலைமேல் பனி உறைந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடையோரத் தோட்டம் வெளுத்திருக்க, மேட்டு லயத்துத் தோட்டம் தப்புவது இதனால்தான்.

சரி, மல்லி எப்படித் தாங்குகிறது? செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. மூணாறு அடுப்படியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிக் கிடக்கும்போதும் நல்லெண்ணெய் ஊற்றினால் ஓடுகிறதல்லவா? நிறைவுறாக் கொழுப்பு அதிகம் இருப்பது குளிரில் இறுகாது. மல்லி, வெந்தயம் போன்றவை நவம்பர் குளிரிலேயே தம் சவ்வில் இந்தக் கொழுப்பைக் கூட்டிக்கொள்கின்றன. கூடவே செல்லுக்குள் சர்க்கரையும் சேர்கிறது. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியேதான் உருவாகிறது. அது உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும்போது, சர்க்கரை அந்த இழுப்பைத் தடுத்து நிற்கிறது.

துளசிக்கு இந்தத் தயாரிப்பு கிடையாது. உறைபனியே வேண்டாம், 10 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து கிடந்தாலே அதன் சவ்வு இறுகிக் கசிந்து இலை கறுத்துவிடும். கறிவேப்பிலையும் வெப்பநாட்டுப் பிள்ளைதான். குளிரில் தளிர்விடாமல், இலை உதிர்த்து ஒடுங்கும். அது செத்துவிட்டதென்று பலர் பிடுங்கிவிடுகிறார்கள், பொறுத்தால் மார்ச்சில் துளிர்க்கும். அதுவரை தண்ணீரைக் குறைக்க வேண்டும், குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகும். புதினாவின் இலை கருகினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு பிழைத்து மறுபடி முளைக்கும். பூண்டுக்கோ குளிர் தேவையே, மூணாறுப் பக்கத்து மலையூர்களான வட்டவடையிலும் காந்தலூரிலும் அது அவ்வளவு நன்றாக விளைவதற்கு மலைக்குளிரும் ஒரு காரணம்.

வெப்பம் வானத்துக்குத் தப்புவதை மறித்தால் போதும், ஹீட்டர் எதுவும் வேண்டாம். குச்சிகள் நட்டு, இலையில் படாதபடி பழைய சாக்கையோ கம்பளியையோ சாயங்காலமே விரித்து, வெயில் வந்ததும் எடுத்துவிடலாம். மெல்லிய பாலித்தீன் தாளை நான் பரிந்துரைக்க மாட்டேன், அகச்சிவப்பின் பெரும்பகுதி அதன் வழியே போய்விடும். கறிவேப்பிலையின் அடியைத் தவிர மற்ற பாத்திகளில், பகலில் மண்ணை நனைத்து வைப்பதும் உதவும். ஈர மண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேர்த்து வைத்து, இரவில் மெதுவாக விடுகிறது. துளசியைத் தொட்டியில் வைத்து, வெயில் படும் கல்சுவர் ஓரத்தில், கூரை விளிம்புக்குள் தள்ளிவிடுங்கள். கருகிய கிளைகளைக் கண்டதும் வெட்ட வேண்டாம். பனிக்காலம் முடியும்வரை அந்தக் காய்ந்த இலைகளே கீழிருக்கும் மொட்டுகளுக்குக் கூரை.