ஓப்பன் வேர்ல்டு: திறந்த உலகமா, திரிவெளியா?

கதை இழுக்கிற வழியில்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், தூரத்தில் தெரியும் மலைக்கு நினைத்த நேரத்தில் நடந்தே போய்ச் சேரலாம் என்று விடுகிற வீடியோ கேமைத்தான் ஓப்பன் வேர்ல்டு என்கிறார்கள். தமிழில் 'திறந்த உலகம்' என்று நேராகப் பெயர்த்துவிடுகிறோம். எனக்கு அது ஒட்டவே இல்லை.

சங்கதி பழையது. 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வந்த எலீட் என்ற விண்வெளி கேமில் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எங்கே போய் வியாபாரம் பண்ணுவது, யாரைக் கொள்ளையடிப்பது என்பதெல்லாம் ஆடுகிறவர் இஷ்டம். 1986இல் ஸெல்டா, 2001இல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3. 2011இல் ஸ்கைரிம் சக்கைப்போடு போட்டபிறகு கற்பனை உலக ஆர்பிஜி (கதாபாத்திரமாகவே மாறி ஆடும் கேம்) என்றாலே ஓப்பன் வேர்ல்டாக இருந்தாகவேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த மோகத்தில் அடிபட்ட தொடர்களில் டிராகன் ஏஜைத்தான் முதலில் சொல்வேன். 2009இல் வந்த முதல் பாகத்தில் கூட வருகிறவர்களின் சண்டையும் சமாதானமும்தான் ருசி. 2011இல் வந்த இரண்டாவதில் அதே குகையைத் திரும்பத் திரும்பக் காட்டியதால் நல்ல திட்டு விழுந்தது. சரி, இடம் போதவில்லை என்றுதானே கத்தினீர்கள், இந்தாருங்கள் என்று 2014இல் வந்த இன்குவிசிஷன் பெரிய பெரிய நிலப்பரப்புகளாகக் கொட்டியது. விருதுகளும் வாங்கியது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கதைப்பகுதியைத் திறக்கப் புள்ளி சேர்க்கவேண்டும், புள்ளி சேர்க்க ஊர் ஊராகப் பேய்கள் வெளிவரும் மாயப் பிளவுகளை மூடவேண்டும், போகிற வழியெல்லாம் மூலிகை பறிக்கவேண்டும், கல்துண்டு பொறுக்கவேண்டும். ஹின்டர்லேண்ட்ஸ் என்ற முதல் பெரும் பகுதியிலேயே ஜனங்கள் மாட்டிக்கொண்டு கிடக்க, அங்கிருந்து கிளம்புங்கள் என்று உருவாக்கியவர்கள் தரப்பிலேயே சொல்லவேண்டி வந்தது. இங்கே சிங்கப்பூரில் நம் பையன்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: "மேப் பெருசுதான், உள்ள ஒண்ணும் இல்ல லா."

இப்போது சொல்லுக்கு வருவோம். 'உலகம்' என்பதில் பிரச்சினை இல்லை, சொல்லப்போனால் ரொம்பப் பொருத்தம். தொல்காப்பியம் காடுறை உலகம், மைவரை உலகம், தீம்புனல் உலகம், பெருமணல் உலகம் என்று ஒவ்வொரு நிலப்பகுதியையும் ஓர் உலகமாகத்தான் சொல்கிறது. காடு தனி, கடற்கரை தனி, பாலைவனம் தனி என்று பிரித்து, இடையில் காத்திருக்கவைக்கும் லோடிங் திரை போடுகிற இன்குவிசிஷனுக்கு அளவெடுத்துத் தைத்த சொல். 'திறந்த' என்பதுதான் இடிக்கிறது. தமிழில் மூடியிருந்ததைத்தான் திறப்போம். 'திறந்தவெளி' என்று மாற்றினாலோ, அடுக்குமாடி புளோக் பக்கத்துக் கார் நிறுத்துமிடம்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆடுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் சொல் தானாக வரும். அவர் திரிகிறார். வேலையில்லாமல் வெளியே போனால் "சும்மா திரியாதே" என்று வீட்டில் திட்டுவார்களே, அந்தத் திரிதல்தான். சிங்கப்பூரில் மலாய் மொழியிலிருந்து எடுத்து நாம் எல்லாரும் புழங்கும் 'ஜாலான் ஜாலான்' (சும்மா சுற்றிவருவது) அதன் பக்கத்து வீடு. ஆக, 'திரிவெளி'. வினைத்தொகை என்பதால் திரிந்த, திரிகிற, திரியும் வெளி என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். பால் கெட்டாலும் திரிந்தது என்றுதான் சொல்கிறோம், அந்த அர்த்தமும் கூடவே வருவதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, சில கேம்களுக்கு அது வேண்டியே இருக்கிறது. தனித்தனிப் பகுதிகளாக வருவதைத் 'திரிநிலம்' என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் இன்குவிசிஷனில் இருப்பவை திரிநிலங்கள், ஸ்கைரிமில் இருப்பது திரிவெளி.

'உலாவெளி' என்று சொல்லலாமே என்று கேட்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உலா இலக்கியத்தில் தலைவன் யானை மேலேறி வீதியில் பவனி வருவான், பார்க்கிற பெண்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை வரிசையாக மயங்குவார்கள், அவன் பாட்டுக்குச் சந்துக்குள் திரும்பிவிட முடியாது. அதனால் கோடு போட்டதுபோல் ஒரே பாதையில் போகிற கேமுக்குத்தான் உலா சரி. 2024இல் வந்த டிராகன் ஏஜின் நான்காம் பாகம், வெயில்கார்டு, பரந்த வெளியை விட்டுவிட்டுப் பணி பணியாகப் பிரித்த ஒடுங்கிய பாதைக்குத் திரும்பியதே, அது உலா.